ரிவர்ஸ் எடுக்கிறது, முன்னால் நகரவில்லை: கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் அப்புச்சி வைத்திருந்த 1984 மெர்சிடீஸ் 300டி ஆட்டோமேட்டிக் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. போன மாதம் பண்ணாரி போய்விட்டு அப்படியே திம்பம் ஏறினோம். ஆசனூரில் டீ குடித்துவிட்டு வந்து எடுத்தால், டி-யில் போட்டும் வண்டி நகரவில்லை. ரிவர்ஸ் மட்டும் நன்றாக எடுக்கிறது. லாரியில் ஏற்றித்தான் ஊர் வந்து சேர்ந்தோம். கியர்பாக்ஸை இறக்கி முழுசாகச் செய்ய இரண்டரை லட்சம் ஆகும் என்கிறார் மெக்கானிக். துபாயில் இருந்து வந்த பழைய கியர்பாக்ஸை 1,20,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார் ஒரு புரோக்கர். சாதாரண கியருக்கே மாற்றிவிடச் சொல்கிறார் பங்காளி ஒருவர். எதைச் செய்வது? – காங்கேயம் வாசகர்

பதில்: இப்போதைக்கு மூன்றும் வேண்டாம். ரிவர்ஸ் எடுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

உங்கள் காரில் இருப்பது 722.3 வகை, நான்கு கியர். அதற்குள் ஒரு டிரம்மைச் சுற்றி இரும்புப் பட்டை ஒன்று உண்டு. முன்னால் கிளம்ப வேண்டுமென்றால் அந்தப் பட்டை டிரம்மை இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆயில் அழுத்தத்தில் அதை இறுக்குவது ஒரு சின்ன பிஸ்டன், பி2 என்பார்கள். இந்த வகைப் பெட்டியில் அது விரிசல் விட்டு உடைவது உலகம் முழுக்கத் தெரிந்த கதை. உடைந்தால் அழுத்தம் நிற்காது, பட்டை பிடிக்காது, வண்டி முன்னால் போகாது. ரிவர்ஸுக்கு இந்தப் பட்டை தேவையில்லை, அதற்குப் பிடிப்பு வேறு. அதனால்தான் பின்னால் மட்டும் ஜோராகப் போகிறது. 27 கொண்டை ஊசி வளைவும் ஏறிச் சூடான பெட்டியில், ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த பிஸ்டன் கைவிட்டிருக்கும். திம்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

கியர்பாக்ஸை இறக்காமலே இதை மாற்றலாம். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வட்ட மூடி, அதைப் பிடித்து ஒரு சர்க்கிளிப், அதாவது வளையக் கிளிப். மூடியை உள்ளே அழுத்திக்கொண்டு கிளிப்பைக் கழற்றினால் பிஸ்டன் கைக்கு வந்துவிடும். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, அழுத்தும் கருவி இல்லாமல் கழற்றினால் மூடி மூஞ்சிக்கு வரும். பழகிய ஆளுக்கு ஒரு நாள் வேலைகூட இல்லை. அதே சமயம் அடியில் இருக்கும் ஆயில் தட்டையும் (ஆயில் பான்) கழற்றி, உள்ளே என்ன கிடக்கிறது என்று பாருங்கள். பழுப்பாக மெல்லிய சேறு இருந்தால் பரவாயில்லை, வயதான பெட்டியில் அது இருக்கும். இரும்புச் சீவல் கிடந்தாலோ, கருகிய நாற்றம் அடித்தாலோ இறக்கத்தான் வேண்டும்.

இதைவிட முக்கியமாக நீங்களே பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் ஸ்டிக்கை உருவி, வெள்ளைத் துணியில் துடையுங்கள். தெளிந்த சிவப்பாக இருந்தால் மேலே சொன்னதே போதும். ரோஸ் மில்க் மாதிரி கலங்கி இருந்தால் கதையே வேறு. இந்தக் காரில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர வைக்கும் குழாய், ரேடியேட்டருக்குள்தான் இருக்கிறது. அது அரித்து ஓட்டையானால் ரேடியேட்டர் தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் போய்விடும். உள்ளே இருக்கும் பிளேட்டுகளில் உராய்வுப் பொருளைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். தண்ணீரும் கூலன்ட்டும் பட்டால் அந்தப் பசை விட்டுப்போகும். அப்புறம் ஆயிலை மூன்று தடவை மாற்றினாலும் பயன் இல்லை. பெட்டியை இறக்கி எல்லாப் பிளேட்டையும் மாற்றி, ரேடியேட்டரையும் மாற்றியாக வேண்டும். ரேடியேட்டரை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் செய்தால், செய்த பெட்டியும் அதே தண்ணீரைக் குடிக்கும். இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. உங்கள் பக்கத்து போர் தண்ணீரை நான் அறிவேன். பாத்திரத்தில் காய்ச்சினாலே வெள்ளைப் படிமம் கட்டும். அதைக் குடம் குடமாக ரேடியேட்டரில் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுத்திகரித்த நீரும் கூலன்ட்டும் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

இனி அந்தப் புரோக்கர். பழைய பெட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 722.3 என்பதோடு எண் முடிவதில்லை, அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு எண்கள் பெட்டியில் குத்தியிருக்கும். மாடலுக்கு மாடல் அது மாறும். பார்க்க எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மாட்டி ஓட்டினால் கியர் மாறும் வேகம் தப்பும், குலுக்கும். புரோக்கரிடம் அந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘எல்லாம் ஒண்ணுதானுங்க’ என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். எத்தனையோ வருடம் கிடங்கில் காய்ந்து கிடந்த பெட்டியில் ரப்பர் சீல் எல்லாம் கல்லாகி இருக்கும். அதையும் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் பெட்டியையே பிரிக்கலாமே?

பங்காளி சொன்னதைப் பற்றி ஒரு வரி போதும்: அப்புச்சி காரின் மதிப்பில் பாதி அன்றைக்கே போய்விடும்.

சரி, இறக்கித்தான் ஆக வேண்டும் என்று வந்தால் யாரிடம் கொடுப்பது? சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி கியர்பாக்ஸைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கைத்திறனுக்குத் தலை வணங்குகிறேன், ஆனால் இது அந்த வேலை இல்லை. இதற்குள் வால்வு பாடி என்று ஒன்று உண்டு. எறும்புப் புற்று மாதிரி ஆயில் வழிகள், அதில் முடி அளவு இடைவெளியில் ஓடும் சின்னச் சின்ன வால்வுகள். நம் பட்டறைகளில் எதைத் துடைப்பதற்கும் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான். அதிலிருந்து பிரியும் ஒரு நூல் போதும், வால்வு சிக்கிக்கொள்ளும். பஞ்சு உதிராத துணி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர். இறக்கும்போது அதையும் பெட்டியோடு சேர்த்தே இறக்க வேண்டும். ஏற்றும்போதுதான் பெரிய ஆபத்து. கன்வெர்ட்டரின் கழுத்து உள்ளே இருக்கும் ஆயில் பம்ப்பில் சரியாகப் பொருந்த வேண்டும். கையால் சுற்றிக்கொண்டே தள்ளினால் படிப்படியாக உள்ளே இறங்கி உட்காரும். உட்காராமலே எஞ்சினோடு சேர்த்து போல்ட்டை முறுக்கினால் பம்ப் நொறுங்கும். இளம் வயதில் நானே இப்படி ஒரு பம்ப்பை உடைத்து, என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். பெட்டியின் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங்கின் முகமும் எஞ்சின் முகமும் கையால் தள்ளியே ஒட்ட வேண்டும், கன்வெர்ட்டர் தாராளமாகச் சுற்ற வேண்டும். இடைவெளி தெரிந்தால் போல்ட்டால் இழுக்கக் கூடாது. மெக்கானிக் அந்த போல்ட்டை முறுக்கும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பில்லில் ‘கிட் ஒன்று’ என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சில கிட்டில் வெறும் சீலும் கேஸ்கெட்டும்தான் வரும், பிளேட்டும் பட்டையும் தனி விலை. எது எது மாற்றினார் என்று வரிவரியாக எழுதச் சொல்லி, கழற்றிய பழைய சாமானை ஒரு சாக்கில் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பிஸ்டனைக் கோவை லேத்தில் கடைந்து தருகிறேன் என்பார்கள். கோவையில் கடைய முடியாதது எதுவும் இல்லைதான், ஆனால் இதற்கு வேண்டாம். இந்த மாடல் காரை ஏறத்தாழ 27 லட்சம் செய்து தள்ளியிருக்கிறார்கள், பார்ட்ஸ் இன்னும் புதிதாகவே கிடைக்கிறது. என்ன, வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் கஸ்டம்ஸில் காத்துக் கிடக்க வேண்டும். உள்ளங்கை அளவு பிஸ்டன் ஒன்றுக்கு என்னிடம் மூன்று முறை அடையாளச் சான்று கேட்டார்கள், மூன்றும் ஒரே சான்றுதான்.

கடைசியாக, ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்சி புத்தகத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். 15 வயதுக்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டி சோதனைக்குப் போய் நிற்க வேண்டும், கியர்பாக்ஸ் இல்லாத வண்டி எப்படிப் போகும்? கட்டணமும் லேசில்லை. 20 வயது தாண்டிய இறக்குமதிக் காருக்கு 2025 ஆகஸ்டில் 80,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். வின்டேஜ் என்று தனிப் பதிவு இருக்கிறதே என்பீர்கள். 2021-இல் வந்த அந்த விதிக்கு 50 வயது நிறைய வேண்டும், உங்கள் காருக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதுவரை அது கிழவனும் இல்லை, குமரனும் இல்லை. கெடு நெருங்கியிருந்தால் முதலில் பி2 பிஸ்டனை மட்டும் மாற்றி வண்டியை நகர வையுங்கள், சோதனை முடியட்டும். மற்றதை அதற்கப்புறம் பிரித்துக்கொள்ளலாம்.