டிக்கெட் எடுப்பதற்கு முன் குழந்தைகளின் உயரத்தை அளந்துவிடுங்கள்

கேள்வி: நாங்கள் ஷார்ஜாவில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்று. கோடை விடுமுறையில் அபுதாபி வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டுக்குப் போக ஆசை. சின்னவளுக்கு அங்கே என்ன இருக்கிறது? காசு வீணாகிவிடுமோ?

பதில்: தாராளமாகப் போகலாம். யாஸ் தீவில் 2018 ஜூலையில் திறந்த இந்தப் பொழுதுபோக்குப் பூங்கா முழுக்கக் கூரைக்குள், ஏசியில் இருப்பதால் வளைகுடா வெயிலுக்கு ஏற்றது. ஆனால் டிக்கெட் எடுக்கும் முன் இரண்டு பேரையும் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்கவைத்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள்.

சவாரி வாசலில் பெரும்பாலும் வயதைவிட உயரத்தைத்தான் பார்ப்பார்கள். இருக்கையின் பாதுகாப்புக் கம்பி உடம்போடு பொருந்த வேண்டும். பல சவாரிகளில் தனியாக ஏற ஓர் உயரம், பெரியவரோடு ஏற இன்னோர் உயரம் என்று இருக்கும். ஒரே கம்பிக்குள் இருவர் உட்கார்ந்தால், அது அப்பாவின் தொடையில் தட்டி நின்றுவிடும். பக்கத்தில் குழந்தையின் மடிக்கு மேல் இடைவெளி விழும். அதனால் “ஒரு சென்டிமீட்டர்தானே” என்று யாரிடமும் வாதாட வேண்டாம். பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு சவாரிக்கும் உள்ள அளவைப் பார்த்து, மகளால் ஏற முடிந்தவற்றை வீட்டிலேயே குறித்துவையுங்கள். வாசல் வரை வந்து திரும்புகிற அழுகையைத் தவிர்க்கலாம்.

உள்ளே ஆறு பகுதிகள். உள்ளே போனதும் நேராக கார்ட்டூன் ஜங்ஷனுக்குப் போங்கள். பகல் போன்ற வெளிச்சமும் பளிச்சென்ற வண்ணங்களுமாக இருக்கும். அங்குள்ள ஆக்மி ஃபாக்டரி ஏறி இறங்கி ஓடி விளையாடும் இடம். மூன்று வயதுக் குழந்தைகள் சவாரிகளைவிட இதில்தான் அதிகம் மகிழ்வார்கள் என்பது என் எண்ணம், அவசரப்படுத்தாதீர்கள். டாம் அண்ட் ஜெர்ரி ரோலர் கோஸ்டர் சுழன்றுகொண்டே ஓடும். மகனைச் சாப்பாட்டுக்கு முன் ஏற்றுங்கள். பெட்ராக் என்ற பகுதியில் ஃபிளின்ட்ஸ்டோன் படகுச் சவாரி தண்ணீரில்தான் ஓடுகிறது, மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

பேட்மேனின் கோதம் பகுதி வேறு மாதிரி. எப்போதும் இருட்டு, பயமுறுத்தும் ஓசைகள். மகன் கேட்டால் உங்களில் ஒருவர் மட்டும் கூட்டிப் போங்கள். ஸ்கூபி டூ சவாரியிலும் இருட்டும் பேய்களும் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாந்து சின்னவளை ஏற்றிவிடாதீர்கள்.

வேடமிட்டு வரும் பாத்திரங்கள் திரையில் சிறியவை, நேரில் ஆளுயரம். குழந்தை பின்வாங்கினால் போட்டோவுக்காக முன்னே தள்ளாதீர்கள். தூரத்திலிருந்து கையசைத்தால் போதும். பல குழந்தைகள் பிறகு தாங்களாகவே நெருங்குவார்கள்.

ஒருவர் சின்னவளோடு இருக்க, நீங்களும் கணவரும் மாறி மாறி ஏற முடியுமா என்று சவாரி வாசலில் கேளுங்கள். பல பூங்காக்களில், இரண்டாமவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏற வழி செய்துகொடுப்பார்கள்.

உள்ளே வெயில் தெரியாததால் பொழுது போவதே தெரியாது. மதியத் தூக்க நேரத்தைக் கைப்பேசியில் அலாரமாக வைத்துவிடுங்கள். ஏசி குளிரும், இருவருக்கும் முழுக்கை மேல்சட்டை வேண்டும். தள்ளுவண்டியையும் விட்டுவிடாதீர்கள். காலையில் கிளம்பும்போதே இருவரையும் அன்றைய உடையில் போட்டோ எடுத்து, உங்கள் கைப்பேசி எண்ணை அவர்கள் முன்கையில் எழுதிவிடுங்கள். கூட்டத்தில் தவறினால் ஊழியரிடம் காட்ட உதவும்.

சனி, ஞாயிறு வேண்டாம். ஒருவர் லீவு போட முடிந்தால் செவ்வாய் அல்லது புதன், பூங்கா திறக்கும் நேரத்துக்கே போய்ச் சேருங்கள்.