அந்த இரவுப் பதிவேட்டை முதலில் தேடுங்கள்

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் குடியிருக்கிறோம். பனி மூடிய ஓர் இரவில் கொழுந்து ஏஜென்ட் ஒருவரை அடித்துப் பணத்தைப் பறித்ததாக என் தம்பிக்கு அமர்வு நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்துவிட்டது. அந்த நேரத்தில் அவன் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்டில் இருந்தான். நகையை அடகு வைத்து அமர்த்திய வக்கீல், ஃபேக்டரியிலிருந்து ஒருவரையும் சாட்சிக்கு அழைக்கவில்லை. பாதி நாள் ஜூனியரைத்தான் அனுப்பினார். இப்போது பாக்கிப் பணம் தந்தால்தான் வழக்குக் கட்டைத் தருவேன் என்கிறார். தீர்ப்பு வந்து 70 நாள் ஆகிறது. அவர் மீது புகார் கொடுத்தால் தம்பி வெளியே வருவானா?
- ஒரு சகோதரி, நீலகிரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

புகாரால் உங்கள் தம்பி வெளியே வரமாட்டார். மேல்முறையீட்டால் வருவதற்கு வழி இருக்கிறது, அந்த வழி இன்னும் அடைபடவில்லை. அமர்வு நீதிமன்றத் தண்டனையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுக 60 நாள் கெடு உண்டு. தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெறுவதற்கு ஆன நாட்களை அதில் கழித்துக்கொள்ளலாம். அதன் பிறகும் மிஞ்சும் தாமதத்தை மன்னிக்கும்படி, மேல்முறையீட்டோடு சேர்த்து ஒரு மனு போட வேண்டும். தம்பி சிறையில் இருப்பதும், கட்டு கைக்கு வராததும் நீதிமன்றம் காதில் வாங்கக்கூடிய காரணங்கள்தாம். ஆனால் இனி வீணாகும் ஒவ்வொரு வாரமும் அவற்றைப் பலவீனமாக்கும்.

இதற்காக இன்னொரு நகையை அடகு வைக்காதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். உதகையிலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நீங்கள் எழுதிக் கொடுக்கலாம், 15100 என்ற எண்ணில் கேட்கலாம், அல்லது தம்பியே சிறை அதிகாரி வழியாக மேல்முறையீட்டை அனுப்பலாம். இது தெரியாமலேயே காதில் கழுத்தில் இருந்ததையெல்லாம் கழற்றிக் கொடுத்த பெண்களை இந்த மலையில் நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது ஃபேக்டரியிலிருந்து ஒருவரையும் அழைக்கவில்லை என்ற வரி. குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் கடமை என்றாலும், ‘நான் அப்போது வேறிடத்தில் இருந்தேன்’ என்று சொல்பவர் அதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும் என்பதுதான் சட்டம். ஷிஃப்டு வருகைப் பதிவேடு, அந்த வாரத்துக் கூலிக் கணக்கு, அன்றிரவு மேற்பார்த்தவரின் சாட்சியம் ஆகிய மூன்றும் இல்லாமல் உங்கள் தம்பியின் உண்மை, நீதிமன்றத்தின் கண்ணில் வெறும் பேச்சாக நின்றுவிட்டது. ஆகையால் நாளையே ஃபேக்டரி நிர்வாகத்துக்கு, அந்த மாதப் பதிவேடுகளை அழிக்காமல் பாதுகாக்கும்படியும் நகல் தரும்படியும் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பழைய பதிவேடுகள் எடைக்குப் போய்விட்டால் பிறகு எந்த நீதிபதியாலும் அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் கீழே பதிவான சாட்சியங்களைத்தான் மறுபடி எடைபோடும். புதிய சாட்சியத்தை ஏற்கவும் அதற்கு அதிகாரம் உண்டு, ஆனால் அது அவசியம் என்று காரணம் எழுதித்தான் ஏற்கும். முந்தைய வக்கீல் திறமையற்றவர் என்று புதிய வக்கீல் கருதுவதனால் மட்டும் சாட்சிகளை மறுபடி அழைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் ஒரு டெல்லி வழக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆகவே மனுவின் பக்கங்களைப் பழைய வக்கீலைத் திட்டி நிரப்பாமல், எந்தப் பதிவேடு வராமல் போனது, அது வந்திருந்தால் தீர்ப்பு எப்படி மாறியிருக்கும் என்பதைக் காட்டச் சொல்லுங்கள்.

பெயரளவுக்கு ஒரு வக்கீல் நின்றால் போதும் என்று நீதிமன்றங்கள் கருதுவதில்லை. மத்தியப் பிரதேசத்தில் ஒருவருக்குக் நீதிமன்றம் முறைப்படி குற்றச்சாட்டைப் பதிவு செய்த அன்றே சட்ட உதவி வக்கீலை நியமித்து, இரண்டு வாரத்துக்குள் மரண தண்டனையும் விதித்துவிட்டார்கள். 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு இடமுள்ள வழக்குகளில் சட்ட உதவி வக்கீலுக்குப் பத்தாண்டு அனுபவமும், தயாராவதற்குச் சாதாரணமாகக் குறைந்தது ஏழு நாளும் வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில், மகாராஷ்டிராவின் நாடோடிச் சமூகத்தார் ஆறு பேர் 16 ஆண்டுகளுக்குப் பின் விடுதலையானார்கள். நேரில் கண்ட சாட்சி காவல்துறையின் படங்களில் வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தும், அந்த நால்வரை விசாரிக்கவே இல்லை. ஆளுக்கு ஐந்து லட்ச ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. போன பதினாறு ஆண்டுகளுக்கு அது ஈடாகுமா?

உங்கள் வழக்கிலும் அடையாளம் காட்டியது எப்படி என்று பார்க்க வேண்டும். பனி மூடிய இரவில், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தொலைவிலிருந்து ஏஜென்ட் முகத்தைப் பார்த்தார், முன்பே தம்பியை அறிந்தவரா, அறியாதவரென்றால் பலரோடு நிறுத்தி ஆளை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு நடந்ததா என்பவை குறுக்கு விசாரணையில் கேட்கப்பட்டிருக்க வேண்டியவை. கேட்காமல் விட்டிருந்தாலும், அரசுத் தரப்பின் ஆவணங்களிலேயே உள்ள ஓட்டைகளை உயர் நீதிமன்றத்தில் சுட்டிக்காட்டலாம். மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் தரும்படியும் கேட்கலாம். தருவது நீதிமன்றத்தின் விருப்புரிமை.

கட்டைப் பற்றித் தயங்காதீர்கள். கட்டண பாக்கிக்காக வழக்கறிஞர் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்துவைக்க உரிமையில்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பதிவுத் தபாலில் கேளுங்கள். தராவிட்டால், தமிழ்நாடு, புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் (பார் கவுன்சில்) புகார் கொடுக்கும்போது அந்தத் தபால் ரசீதே உங்களுக்குச் சான்று. நீதிமன்ற ஆவணங்களின் நகலை நீதிமன்றத்திலேயே மனுப்போட்டும் வாங்கலாம் என்பதால், அவருக்காக மேல்முறையீடு காத்திருக்க வேண்டாம்.

அடுத்த முறை கோவைச் சிறையில் தம்பியைப் பார்க்கும்போது, அன்றிரவு அவரோடு வேலை செய்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வாருங்கள். சாட்சியம் முடிந்தபின் நீதிபதி நேரடியாகக் கேள்வி கேட்டபோது, நைட் ஷிஃப்டில் இருந்ததைத் தம்பி சொன்னாரா என்றும் கேளுங்கள். சொல்லியிருந்தால் அது கட்டில் பதிவாகியிருக்கும். புதிய வக்கீலிடம் அந்தப் பக்கத்தை முதலில் காட்டுங்கள்.