மாடியில் வீசும் ஓவருக்குக் கணக்கு யார் எழுதுவது?

சிறுவர்களுக்குக் கிரிக்கெட் சொல்லித் தருபவன் என்பதால் வந்த கேள்விகள் இவை.

மதுரையிலிருந்து ஓர் அப்பா: மகனுக்கு 12 வயது, வேகப்பந்து வீசுகிறான். காலையில் அகாடமி, மாலையில் மொட்டைமாடியில் நானே வீசச் சொல்கிறேன். இடுப்பு வலிக்கிறது என்கிறான். சோம்பலா?

சோம்பல் இல்லை சார். இன்றைக்கே பந்துவீச்சை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதில் கீழ்முதுகு எலும்பு முழுசாக இறுகியிருக்காது. வீசும்போது முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்ளும். அதே நேரத்தில் முன்கால் தரையில் ஓங்கி இறங்கும். ஒரே இடத்தில் இப்படி அடி விழுந்துகொண்டே இருந்தால் மயிரிழை விரிசல் வரலாம். எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது, எம்ஆர்ஐ தேவைப்படும். ஆற மாதக்கணக்காகும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல வருடம் வைத்திருந்த வரம்பு, 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு ஸ்பெல்லில், அதாவது தொடர்ந்து வீசும் ஒரு சுற்றில் 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர். அகாடமி ஓவரோடு உங்கள் மாடி ஓவரையும் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலான அப்பாக்கள் மாடியைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை!

கோவையிலிருந்து ஓர் அம்மா: 10 வயது மகள், பேட்மின்டன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி?

வயது எத்தனையோ அத்தனை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். வாரத்தில் ஒரு நாளாவது ராக்கெட்டையே தொடக் கூடாது. வருடத்தில் இரண்டு மூன்று மாதம் வேறு ஏதாவது விளையாடட்டும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, வருடத்தில் சில மாதம் இடைவெளி என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது. நாமோ லீவு விட்டதும் சம்மர் கேம்ப் என்று இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டுகிறோம்.

இன்னொரு பெற்றோர்: பத்தாம் வகுப்பு மகளைக் காலை நாலரைக்குப் பயிற்சிக்கு எழுப்புகிறேன். டியூஷன் முடிந்து படுக்கப் பதினொன்று. சரிதானே?

இல்லை. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலைப் பயிற்சி நாட்களில் பாதியை வெட்டுங்கள்.

15 வயது மாணவன்: மேட்ச் முடிந்து பைக்கில் ஏறியதுமே அப்பா ஆரம்பித்துவிடுகிறார்.

தம்பி, என்னிடம் ஒரு பையன் இருந்தான். அவுட் ஆனதும் அவன் கண் ஸ்டம்புக்குப் போகாது, அவன் அப்பா நிற்கிற வேப்பமரத்தடிக்குத்தான் போகும். அவரைக் கூப்பிட்டு ஸ்கோர் நோட்டைக் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு பந்தையும் எழுத வேண்டியிருந்ததால் கத்த நேரமில்லை. நீயும் மேட்ச் இல்லாத நாளாகப் பார்த்து, "சாப்பிட்டப்புறம் பேசலாம்ப்பா" என்று சொல்லிப் பார். கேட்கவில்லையா, உன் கோச்சிடம் சொல். அவரிடமும் ஒரு நோட்டு இருக்கும்.