‘நைஸ்’: அறியாமையில் பிறந்த சொல்

கேள்வி: ‘நைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘நல்ல’, ‘இனிய’ என்றுதான் இதுவரை பொருள் கொண்டிருந்தேன். ஒரு சட்டக் கட்டுரையில் வந்த ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்ற தொடரை ‘நல்ல வேறுபாடு’ என்று மொழிபெயர்த்தபோது, பயிற்சி ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். ஏன்?

பதில்: ஆசிரியர் அடித்தது சரிதான். அந்தத் தொடரில் ‘நைஸ்’ என்பதற்கு ‘நுட்பமான’ என்று பொருள். பொய் சொல்வதற்கும் உண்மையைச் சொல்லாமல் விடுவதற்கும் இடையே உள்ளதைப் போன்ற, கூர்ந்து நோக்கினால் மட்டுமே பிடிபடுகிற மெல்லிய வேறுபாட்டையே அது குறிக்கிறது. அந்த வேறுபாடு நமக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்ற பேச்சே அங்கு இல்லை. நுண்ணிய விவரங்களைக் குறிக்கும் ‘நைசிட்டி’ என்ற பெயர்ச்சொல்லும் இப்பொருளோடு தொடர்புடையதே.

இந்தச் சொல்லின் பிறப்பை அறிந்தால் உங்களுக்கு வியப்பு கூடும். இலத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். ‘நெ’ என்பது எதிர்மறை. ‘ஸ்கிரே’ என்பது ‘அறிதல்’. அதே ‘ஸ்கிரே’யிலிருந்துதான் ‘சயின்ஸ்’ வந்தது. ஆக, அறிவியலைக் குறிக்கும் சொல்லும் ‘நைஸ்’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து எதிரெதிர்த் திசையில் கிளைத்தவை. பழைய பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்துக்குள் வந்தபோது, ஒருவரை ‘நைஸ்’ என்பது அவரை மூடர் என்பதற்குச் சமம். பிறகு அது கூச்சமுள்ளவரையும், எதிலும் குறை காண்கிற, எளிதில் நிறைவடையாத சுவையுடையவரையும் குறித்தது. அத்தகையவர் எதையும் நுணுகிப் பார்ப்பவராகவே இருப்பார் என்பதால், 16ஆம் நூற்றாண்டில் ‘நுட்பமான’, ‘துல்லியமான’ என்ற பொருள் ஏற்பட்டது. ‘இனிய’ என்ற இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. பழைய பொருள்களுள் ‘நுட்பமான’ என்பது மட்டும் சட்டத்திலும் தத்துவத்திலும் இன்னும் ஒதுங்கி வாழ்கிறது. உங்கள் மொழிபெயர்ப்பில் குறுக்கிட்டது அதுவே.

சொல் இப்படிப் பொருள் மாறுவது நமக்குப் புதிதன்று. நம் பழம்பாடல்களில் பூக்கள் நாறும்; அதாவது, மணக்கும். இன்று ஒரு பூவை அப்படிச் சொன்னால் அதை வைத்திருப்பவர் சண்டைக்கு வருவார். ‘நாற்றம்’ மேலிருந்து கீழே இறங்கியது. ‘நைஸ்’ கீழிருந்து மேலே ஏறியது. ஆங்கிலத்திலேயே ‘சில்லி’ என்ற சொல் ஒரு காலத்தில் ‘பேறுபெற்ற’ என்ற பொருளில் வழங்கி, இன்று ‘அசட்டுத்தனமான’ என்று ஆகிவிட்டது. அசட்டுத்தனத்தை ‘நைஸ்’ விட்டுச் செல்ல, ‘சில்லி’ எடுத்துக்கொண்டது போல எனக்குத் தோன்றும்.

கேள்வி: எழுத்தில் ‘நைஸ்’ என்ற சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்கிறார்களே, அது சரியா?

பதில்: பாதி சரி. நாள், நடை, மனிதர், புத்தகம் என எதற்கு முன்னும் இச்சொல்லை வைக்கலாம் என்பதால், அது எதைப் பற்றியும் அதிகம் சொல்வதில்லை. இந்தக் குறை பழையது. 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த, ஜேன் ஆஸ்டினின் ‘நார்தாங்கர் அபே’ என்ற ஆங்கில நாவலிலேயே, கண்டதற்கெல்லாம் ‘நைஸ்’ என்று சொல்லும் கதாநாயகியை ஹென்றி டில்னி என்ற பாத்திரம் கேலி செய்கிறது. ஆனால் பேச்சில் இச்சொல் இன்றியமையாதது என்பேன். முன்பின் அறியாதவரிடம் அளவோடு அன்பு காட்ட இதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் எளிதில் கிடைக்காது.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ‘நைஸ் டு மீட் யூ’ என்பது முதல் சந்திப்புக்கு உரியது. ஏற்கெனவே அறிந்தவரிடம் ‘நைஸ் டு சீ யூ’ என்பதே வழக்கம். இரண்டாம் முறை சந்திப்பவரிடம் முதல் தொடரைச் சொன்னால், அவரை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வார். பல அடைகள் சேர்ந்து வரும்போது ‘நைஸ்’ முன்னால் நிற்கும்: ‘எ நைஸ் ஸ்மால் ஹவுஸ்’ என்பார்களே தவிர, ‘எ ஸ்மால் நைஸ் ஹவுஸ்’ என்பதில்லை. ‘நைஸ் அண்ட் வார்ம்’ என்னும்போது அது தனிப் பண்பு எதையும் சொல்லாமல், ‘இதமாக, போதுமான அளவு’ என்று வெதுவெதுப்புக்கு அழுத்தம் கூட்டுகிறது. தோற்றவரிடம் சொல்லும் ‘நைஸ் ட்ரை’ குரலைப் பொறுத்து ஆறுதலாகவும் இருக்கும், குத்தலாகவும் இருக்கும். ஒருவரை ‘நைஸ்’ என்பதற்கும் ‘கைண்ட்’ என்பதற்கும் இடையில் இடைவெளி உண்டு: முன்னது பழகும் விதத்தைச் சொல்வது, பின்னது உள்ளத்தைச் சொல்வது.

கேள்வி: ‘நைஸாக நழுவிவிட்டான்’, ‘நைஸாகப் பேசி வாங்கிவிட்டாள்’, ‘பொடியை நைஸாக அரை’ என்று தமிழில் சொல்கிறோமே, இவை சரியான பயன்பாடுகளா?

பதில்: தமிழுக்குச் சரி, ஆங்கிலத்துக்குத் தவறு. இரவல் சொல் புதிய இடத்தில் புதிய தொழில் செய்வது இயல்பு. தமிழில் ‘நைஸ்’ என்பதற்கு வழுவழுப்பே மையப் பொருள். பொடியின் வழுவழுப்பு, பேச்சின் குழைவு, ஓசைப்படாமல் நழுவும் சாமர்த்தியம் மூன்றும் அதிலிருந்து வருபவை. நசுங்குதல், குழைதல் என்ற பொருளில் ‘நைதல்’ என்ற வினை நம்மிடம் முன்பே இருந்தது. ‘நைய அரைத்தல்’, ‘நைந்த துணி’ என்கிறோம். அந்த ஒலியொப்புமை இரவல் சொல்லுக்கு இங்கே இடம் பிடித்துக் கொடுத்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் இவற்றை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லாதீர்கள். ‘நைஸ் பவுடர்’ என்றால் ஆங்கிலேயர் ‘நல்ல பொடி’ என்றே புரிந்துகொள்வார். நுண்மையாக அரைத்ததற்கு அவர்கள் சொல் ‘ஃபைன்’. நழுவியவனுக்கு ‘க்வயட்லி’ என்ற சொல்லும், குழைந்து பேசிக் காரியம் முடித்தவளுக்கு ‘ஸ்வீட் டாக்’ என்ற தொடரும் பொருந்தும்.

கேள்வி: யூனிக்ஸ் கணினிகளில் ‘நைஸ்’ என்றொரு கட்டளை உள்ளது. அது எந்தப் பொருளில்?

பதில்: பிறருக்கு விட்டுக்கொடுக்கும் பண்பு என்ற பொருளில். ஒரு நிரலுக்கு ‘நைஸ்’ எண் கூடுதலாக இருந்தால், அது செயலியின் நேரத்தை மற்ற நிரல்களுக்கு விட்டுக்கொடுக்கும். யூனிக்ஸைப் போன்ற இயங்குதளமான லினக்ஸில் இவ்வெண் -20 முதல் 19 வரை செல்லும். 19 உடையதே மிகவும் பணிவானது.

கேள்வி: பிரான்ஸ் நாட்டில் ‘நைஸ்’ என்ற நகரம் இருக்கிறதே, அதன் பெயரும் இதுதானா?

பதில்: எழுத்து மட்டுமே ஒன்று. அந்நகரின் பெயரை ‘நீஸ்’ என்று ஒலிக்க வேண்டும். கிரேக்கக் குடியேறிகள் அங்கு அமைத்த ஊருக்கு இட்ட ‘நிக்காயா’ என்ற பெயரின் திரிபு அது. வெற்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.