டாக்டரின் குரல் பதிவு மருத்துவ கவுன்சிலில் செல்லுமா?

கேள்வி: என் அம்மாவுக்குத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை நடந்தது. அதில் பித்தநாளம் அறுபட்டு, வேறோர் இடத்தில் மறுபடியும் அறுவைச் சிகிச்சை செய்தோம். ‘தவறு நடந்துவிட்டது’ என்று டாக்டர் போனில் சொன்னதை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்திருக்கிறேன். பணியில் இருந்த நர்ஸும் தனியாகச் சில விஷயங்களைச் சொன்னார். கேஸ் ஷீட் இன்னும் வாங்கவில்லை. தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறேன். ‘திருட்டுப் பதிவு சாட்சியமே ஆகாது’ என்கிறார் டாக்டரின் வக்கீல். உண்மையா?

பதில்: இல்லை. அவர் பேச்சை நம்பிப் பதிவை நீங்களே பெட்டியில் பூட்டிவிட்டால் அவருக்குப் பாதி வேலை மிச்சம், அவ்வளவுதான்.

கவுன்சில் நீதிமன்றம் அல்ல. ஒழுங்கு விசாரணையில் சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்களை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரத்தன் சிங் வழக்கைப் பாருங்கள். அவர் ஹரியானா அரசுப் பஸ் கண்டக்டர். காசு கொடுத்தும் டிக்கெட் தரவில்லை என்று பயணிகள் சொன்னதாகப் பறக்கும் படை ஆய்வாளர் சாட்சி சொன்னார். பயணி ஒருவரைக்கூட விசாரிக்கவில்லை. அப்படியும் பணிநீக்கம் செல்லும் என்றது நீதிமன்றம். பொருத்தமும் நம்பகத்தன்மையும் இருந்தால் பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும் செவிவழிச் சாட்சியத்தையும் ஏற்கலாம் என்பது அதன் சாரம். அது அரசு ஊழியர் மேல் நடக்கும் துறை விசாரணை பற்றிய தீர்ப்பு. கவுன்சிலிலும் நான் அதை வைத்தே வாதாடுவேன்.

ரகசியப் பதிவுக்கு உச்ச நீதிமன்றத்தின் 1972-ஆம் ஆண்டு மல்கானி தீர்ப்பு இருக்கிறது. அந்த வழக்கில் சிக்கியவர் பம்பாய் கரோனர், அதாவது சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி. பேசியவர்களில் ஒருவர் சம்மதத்தோடு எடுத்த பதிவு ஏற்கப்பட்டது. குரல் யாருடையது என்று தெரிய வேண்டும், பேச்சு வழக்குக்குப் பொருந்த வேண்டும், வெட்டி ஒட்டவில்லை என்று நிலைநாட்ட வேண்டும்.

மூன்றாவதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். சாதகமான நாற்பது வினாடியை மட்டும் நறுக்கி, வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பி, பழைய போனை விற்றுவிட்டு வந்து நிற்பார்கள். அந்தப் போனை ரீசெட் செய்யாமல் பத்திரமாக வையுங்கள். முழு உரையாடலையும் கொடுங்கள், உங்களுக்கு எதிரான பகுதியையும் சேர்த்து. 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். இங்கே கட்டாயமா என்று வாதிடுவதைவிட அது சுலபம்.

பதிவு உள்ளே வந்துவிடும். அது எதை நிரூபிக்கும்? ‘தவறு நடந்துவிட்டது’ என்பதை, சிக்கல் ஏற்பட்டது என்ற பொருளில் சொன்னேன் என்பார் டாக்டர். கவனமாகச் செய்தாலும் பித்தநாளம் காயப்படுவதுண்டு. கவுன்சிலில் உட்கார்ந்திருக்கும் டாக்டர்களுக்கு அது தெரியும். அவர்கள் தேடப்போவது அறுவைச் சிகிச்சைக் குறிப்பை. நாளத்தை அடையாளம் கண்ட பிறகுதான் வெட்டினாரா? பித்தநாளம் அறுபட்டால் வரக்கூடிய மஞ்சள் காமாலை அம்மாவுக்குத் தெரிந்திருந்தால், அந்த நாளில் என்ன எழுதியிருக்கிறது? நேரத்தின் மேல் வேறு மையில் திருத்தம் இருக்கிறதா? என் கணக்கில் அப்படியொரு பக்கம் பத்துப் பதிவுக்குச் சமம். ஆகவே கேஸ் ஷீட்டை இன்றே எழுத்துமூலம் கேளுங்கள். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகளின்படி 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். தர மறுத்தால் அதையே புகாரில் சேர்க்கலாம்.

நர்ஸ் விஷயத்தில் பொறுமை தேவை. அவர் நேரில் வந்து, குறுக்கு விசாரணைக்கு நின்றால்தான் கனம். பெயரைச் சொல்லாமல் ‘ஒரு நர்ஸ் சொன்னார்’ என்று எழுதினால் பயனில்லை. பெயரைச் சொன்னால் அவர் வேலை போகலாம். முதலில் அவரிடம் கேளுங்கள்.

பதிவின் நகலை டாக்டருக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கடைசி நாளில் நீட்டினால், பதில் சொல்ல வாய்ப்புத் தரவில்லை என்று பிறகு உத்தரவையே உடைத்துவிடுவார்கள்.

இன்னொன்று: கவுன்சில் எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம், இழப்பீடு வாங்கித் தராது. அதற்கு நுகர்வோர் ஆணையம். அங்கே கெடு 2 ஆண்டுகள். கவுன்சில் முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.