பாம்பனிலிருந்து திமிங்கலம் பார்க்கப் போகலாமா?

கேள்வி: மே மாத விடுமுறையில் குடும்பமாக எட்டுப் பேர் திமிங்கலம் பார்க்க ஆசைப்படுகிறோம். மகளுக்கு 10 வயது, மாமியாருக்கு 66. பாம்பனில் தெரிந்த ஒருவர், "தடைக்காலத்தில் விசைப்படகு சும்மாதான் நிற்கிறது, தென்கடலில் ஆழத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்" என்கிறார். என் கொழுந்தனோ சிறு கப்பலில் அன்டார்க்டிகா போகிற ஒரு பயண விளம்பரத்தை அனுப்பி, பார்த்தால் அங்கேதான் பார்க்க வேண்டும் என்கிறார். எங்களுக்கு எது சரிவரும்?
– வாசகி, பரமக்குடி

பாம்பன் படகை முதலில் மறந்துவிடுங்கள். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், கடலும் அவருக்கு அத்துப்படியாக இருக்கும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குள் இறங்கவே கூடாது. தடை இல்லாத நாளிலும் மீன்பிடிப் படகின் பதிவு மீன் பிடிக்கத்தான், ஆள் ஏற்ற அல்ல. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். நடுவில் எல்லைக்கோடு இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்ச் சிக்கிக்கொண்டவர்கள் படும் பாடு நம் கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அதில் ஒரு பத்து வயதுப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போக வேண்டாம். அதோடு மே மாதம் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பிடித்துவிடும். தென்கடலை ஆண்கடல் என்று ராமேஸ்வரத்தில் சொல்வது ஏன் என்று அந்த மாதத்தில் போனால் தெரியும்.

இத்தனையும் மீறிப் போனாலும் திமிங்கலம் கிடைக்காது. இதைத்தான் நீங்கள் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய திமிங்கலங்களுக்கு ஆழம் வேண்டும். நம் வடகடல், அதாவது பாக் விரிகுடா, பெரும்பாலும் ஏழு பாகத்துக்குள் (ஒரு பாகம் ஆறடி) முடிந்துவிடும். அதில் ஒரு நீலத் திமிங்கலத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் கிட்டத்தட்டப் பாதி உடம்பு தண்ணீருக்கு மேலே நிற்கும். தென்கடலான மன்னார் வளைகுடாவும் தீவுகளை ஒட்டி ஆழம் குறைந்ததுதான். பவளப்பாறை, கடல்புல், மணல்திட்டு என்று தட்டையாகப் போகும். ஆயிரம் மீட்டர் ஆழம் என்பது வெகுதூரம் தெற்கே. பாம்பனிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தூரமில்லை.

அதனால்தான் நம் கரையில் திமிங்கலம் என்றாலே ஒதுங்கிய உடலாகவே பார்த்துப் பழகிவிட்டோம். 1973 ஜனவரியில் மணப்பாடு கரையில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே பகுதியில் மறுபடியும் 80-க்கும் மேல். மீனவர்கள் இராப்பகலாகக் கயிறு கட்டிக் கடலுக்குள் இழுத்து விட்டார்கள், அவற்றில் பல திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. பாதிக்குப் பாதி செத்தன. ஒன்று இங்கே சொல்லிவிடுகிறேன், கடற்கரைக்குப் போகிற எல்லோருக்கும் உதவும். உயிரோடு ஒதுங்கியதைக் கண்டால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாலில் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். ஈரத்துணி போர்த்தி, நிழல் காட்டி, உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். தலைக்கு மேலே இருக்கிற மூச்சுத்துளை மேல் மட்டும் துணியோ தண்ணீரோ படக் கூடாது. அது நம் மூக்கு மாதிரி.

மகளுக்காக ஒரு நாள் இங்கேயே ஒதுக்குங்கள். வனத்துறை நடத்தும் படகுச் சவாரியில் குருசடைத் தீவுப் பக்கம் போகலாம். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். பாம்பன், தனுஷ்கோடிப் பக்கம் காற்று விழுந்த விடியற்காலையில் ஓங்கல் (டால்ஃபின்) கூட்டம் தலைகாட்டுவது உண்டு. ஓங்கலும் திமிங்கலத்தின் இனம்தான் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள், கண்ணை விரித்துப் பார்ப்பாள். ஆவுளியா, நாம் கடல்பசு என்கிறோமே, அதையும் கேட்பாள். அது இருக்கிறது, ஆனால் கண்ணில் படுவது அபூர்வம். கடல்புல் மேய்ந்துகொண்டு கலங்கல் தண்ணீரில் இருக்கும் கூச்சப் பிராணி. தேடிப் போய்த் தொந்தரவு செய்யாமல் இருப்பதே அதற்கு நாம் செய்யும் உபகாரம்.

அடுத்து உங்கள் கொழுந்தன் சொன்னது. அவர் ரசனை உயர்ந்தது, ஆனால் மாதம் பொருந்தவில்லை. அன்டார்க்டிகாவுக்குக் கப்பல் போவது நவம்பர் முதல் மார்ச் வரைதான். மே மாதம் அங்கே குளிரும் இருட்டும் கடல்பனியும். போக நினைத்தால் பிப்ரவரி, மார்ச் நல்லது. கூனல் திமிங்கலங்கள் கிரில் என்னும் சிறு கடலுயிரைத் தின்று கொழுத்துப் படகின் பக்கத்திலேயே புரண்டுகொண்டிருக்கும் காலம் அது. பெரும்பாலும் அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் ஏறி, டிரேக் கடவையை இரண்டு நாளில் கடக்க வேண்டும். உலகத்தின் முரட்டுக் கடல்களில் அதுவும் ஒன்று. ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் இறங்க முடியாது, 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆளை இறக்கவே முடியாது என்பது அங்கே பயண நிறுவனங்கள் பின்பற்றும் விதி. ஆகவே சிறு கப்பல் என்று விளம்பரம் சொல்வது வெறும் பகட்டல்ல. சிறு கப்பலில் போனால் கரையில் முறை வருவதற்காகக் காத்திருக்கும் நேரம் குறையும், ரப்பர் படகில் தண்ணீர் மட்டத்தில் இருக்கும் நேரம் கூடும். செலவு ஆளுக்குப் பல லட்சம். எட்டுப் பேருக்கு என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தெற்குக் கடலைப் பார்த்தே தீருவேன் என்று அவர் நின்றால் நியூசிலாந்தின் கைகோராவைச் சொல்லுங்கள். கரையை ஒட்டியே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளம். ஸ்பெர்ம் திமிங்கலங்கள் வருடம் முழுவதும் இருக்கும். காலையில் படகேறி மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.

ஆனால் நீலத் திமிங்கலத்துக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மற்றக் கடல்களில் பெரிய திமிங்கலங்கள் இரைக்குத் துருவம், குட்டி போட வெப்பக் கடல் என்று வருடா வருடம் அலைகின்றன. இலங்கையைச் சுற்றி வாழும் நீலத் திமிங்கலங்கள் அன்டார்க்டிகா போவதில்லை. வடக்கு இந்தியப் பெருங்கடலிலேயே வருடம் முழுவதும் காலம் தள்ளுகின்றன. தின்பது பொடி இறால். நம் சந்தையில் சென்னாக்கூனி என்று விற்கிறார்களே, அதற்கு உறவு. தின்றுவிட்டு அவை கழிக்கும் எச்சம் செங்கல் சிவப்பில் தண்ணீரின் மேல் மிதக்கும். இந்தத் திமிங்கலங்கள் இங்கேயே இரை எடுக்கின்றன என்று இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ் யோசிக்கத் தொடங்கியது 2003-இல் அந்தச் சிவப்பைக் கண்டபோதுதான்.

ஆக, உங்களுக்கு என் பதில் திருகோணமலை.

இலங்கை என்றதும் எல்லோரும் மிரிஸ்ஸா என்பார்கள். நல்ல இடம்தான், ஆனால் அதன் காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. மே பிறந்தால் தெற்குக் கரை கொந்தளிக்கும். கல்பிட்டியும் அப்படியே. கிழக்குக் கரைக்கு அப்போதுதான் அமைதிக்காலம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அங்கே பார்க்கலாம், நடுவில் உங்கள் மே மாதம் வசதியாக விழுகிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடலடிப் பள்ளத்தாக்கு பாதாளமாக இறங்குகிறது. துறைமுக வாசல் வரைக்கும் ஆழம் வந்து நிற்பதால் திமிங்கலமும் கரைப்பக்கம் வருகிறது. 1980-களின் தொடக்கத்தில் துலிப் என்ற பாய்மர ஆய்வுப் படகில் வந்தவர்கள் இந்தக் கடலில் நீலத் திமிங்கலங்களைப் பார்த்து எழுதிய பிறகுதான் உலகத்துக்கு இது தெரிந்தது. போர் வந்து எல்லாம் நின்றுபோனது. 2009-க்குப் பிறகுதான் மறுபடி படகுகள் ஓடுகின்றன.

போகும் வழி: மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம், அப்புறம் சாலையில் ஆறு மணி நேரம். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் போய் யாழ்ப்பாணத்திலிருந்து இறங்கி வருவதும் ஒரு வழி. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஓடும் நாட்களையும் விசா விதியையும் டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். இரண்டும் மாறக்கூடியவை.

திருகோணமலையை ஒட்டிய உப்புவெளி, நிலாவெளியில் கிடைக்கும் படகுகள் நம் ஊர் ஃபைபர் படகு மாதிரியே இருக்கும். ஐந்தாறு பேர் ஏறலாம். உங்கள் எட்டுப் பேருக்கு இரண்டு படகு. சிறு குழுவாகப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு அங்கே தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை, படகே சிறியது. ஆனால் சின்னப் படகு என்பதாலேயே நல்ல படகு என்று நினைத்துவிடாதீர்கள். வேகமாகத் துரத்தக்கூடியதும் அதுதான். பேசி முடிக்கும் முன் படகுக்காரரிடம் தமிழிலேயே கேளுங்கள், அந்த ஊரில் அது நமக்கு ஒரு பெரிய வசதி. "அண்ணே, திமிங்கலம் மூழ்கினப்புறம் என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். "அங்கேயே ஓடிப்போய்ப் பிடிச்சிடலாம்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். "இன்ஜினைக் குறைச்சிட்டுக் காத்திருப்போம்" என்றால் அவர்தான் உங்கள் ஆள். நூறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பக்கவாட்டில்தான் நெருங்க வேண்டும், முகத்துக்கு நேரே குறுக்கிடக் கூடாது, குட்டியோடு இருந்தால் இன்னும் தள்ளி நிற்க வேண்டும். பக்கத்தில் குதித்து நீந்தலாம் என்று ஆசை காட்டுபவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். உயிர்க்கவசம் ஒவ்வொருவருக்கும், பிள்ளை அளவில் ஒன்று உட்பட, கண்ணால் பார்த்த பிறகு ஏறுங்கள்.

காத்திருப்பது ஏன் என்று சொல்கிறேன். நீலத் திமிங்கலம் மேலே வந்தால் சில விநாடிக்கு ஒரு தரம் மூச்சு விடும். ஒவ்வொரு மூச்சும் நேராக ஒன்பது மீட்டர் வரை எழும்பும். தூரத்தில் வெள்ளைக் கம்பம் நட்ட மாதிரி தெரியும், அப்புறம்தான் சத்தம் வரும், பிரஷர் குக்கர் ஆவி ஒரே மூச்சில் இறங்குவதுபோல. இப்படிச் சில மூச்சு விட்டு முதுகை வளைத்து உள்ளே போய்விடும். அது மூழ்கிய இடத்தில் தண்ணீர் எண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று ஒரு வட்டமாகிக் கிடக்கும், சுற்றிலும் அலை இருந்தாலும் அந்த வட்டத்துக்குள் இருக்காது. வால் அடித்த அடையாளம் அது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி வரும், வட்டம் கிடந்த இடத்தில் அல்ல. ஓடிப்போய் நிற்கிற படகு இன்ஜின் இரைச்சலால் அதை இன்னும் தள்ளித்தான் விரட்டும். மூச்சு முன்பக்கமாக இடப்புறம் சாய்ந்து, குட்டையாகப் புதர்போல எழுந்தால் அது ஸ்பெர்ம் திமிங்கலம். கட்டை மாதிரி மிதந்துகொண்டு நிதானமாக மூச்சு வாங்கும், நன்றாகப் பார்க்கலாம். மூழ்கினால் முக்கால் மணி நேரம் ஆகும், அதற்காகக் காத்திருக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உண்டாவதுதான் அம்பர் என்கிற அம்பர்கிரிஸ். ஊரில் கடத்தலில் பிடிபடுகிறதே, அதே பொருள். யாராவது துண்டு காட்டி விற்றால் கையில்கூட வாங்க வேண்டாம். நம் நாட்டில் வைத்திருப்பதே குற்றம்.

ஆறு மணிக்குள் கிளம்புங்கள். காற்று எழும் முன் கடல் தட்டையாக இருக்கும், மூச்சு தூரத்திலிருந்தே தெரியும். ஃபைபர் படகில் நிழல் கிடையாது, கழிவறை கிடையாது. தொப்பி, முழுக்கைச் சட்டை, தண்ணீர், நனையாத பை. முந்தின இரவு எண்ணெய்ச் சாப்பாடு வேண்டாம், காலையில் வெறும் வயிறும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். குமட்டல் வருகிறவர்கள் மாத்திரையைப் படகேறி வாந்தி வந்த பிறகு போடுகிறார்கள். அது பயன்படாது, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். மகளுக்கும் மாமியாருக்கும் எதை, எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படகில் பின்பக்கம் உட்காருங்கள், ஆட்டம் குறைவு. இரண்டு காலையாவது ஒதுக்குங்கள். ஒரே நாளை நம்பிப் போய் எதையும் காணாமல் திரும்பியவர்கள் நிறைய.

மாமியாருக்குப் படகு ஆட்டமும் முதுகு அடியும் ஒத்துக்கொள்ளாது என்று நினைத்தால் அவரைப் படகில் ஏற்றவே வேண்டியதில்லை. கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். பாடல் பெற்ற தலம், சுவாமி மலை என்னும் செங்குத்துப் பாறையின் உச்சியில் இருக்கிறது. கீழே நேராக ஆழக்கடல். கரையில் நின்றபடியே நீலத் திமிங்கலத்தின் மூச்சைப் பார்க்கக்கூடிய உலகத்தின் அரிய இடங்களில் அந்தப் பாறை ஒன்று. காலை பூசை முடிந்ததும் கிழக்கே வெயில் கண்ணைக் கூசும், கொஞ்சம் தென்கிழக்காகத் திரும்பி நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பைனாகுலர் கையில் கொடுத்துவிடுங்கள், 8 மடங்கு பெரிதாக்குவது போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கத்தில் கடலே ஆடும்.