இரண்டு கம்பி தொட்டால் பொத்தான்: கேம்பேட் கேள்வி பதில்

கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். மாலையில் பட்டறை வேலை முடிந்ததும், கணினி விளையாட்டுக்குக் கையில் பிடிக்கும் கேம்பேடுகளில் விலை குறைந்த யுஎஸ்பி வகையைப் பிரித்து, ஸ்டியரிங், மிதி, பெரிய பொத்தான் என்று கேட்பவருக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுகிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கோபியிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, எலக்ட்ரானிக்ஸ் படிக்காத என்னால் இது முடியுமா?

தாராளமாக முடியும் தம்பி. பின்பக்க ஸ்குரூக்களைக் கழற்றி உள்ளே பாருங்கள். ரப்பர் மெத்தையின் அடியில் கறுப்பாகக் கார்பன் பொட்டு இருக்கும். அதற்கு நேர் கீழே, சர்க்யூட் பலகையில், சீப்புப் பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்ததுபோல இரண்டு தடங்கள். அழுத்தினால் பொட்டு இரண்டையும் இணைக்கிறது. பொத்தானின் வேலை அவ்வளவுதான். இரு தடங்களிலிருந்தும் கம்பி இழுத்துவிட்டால், காலிங் பெல் சுவிட்சும் பொத்தான், லேத்தில் இருக்கும் லிமிட் சுவிட்சும் பொத்தான். கணினிக்கு வித்தியாசம் தெரியாது.

சூலூர்: பலகையில் சால்டர் ஒட்டவே இல்லை. என்ன தவறு?

கார்பன் பூச்சின்மேல் வைக்கிறீர்கள். கார்பனில் ஈயம் பிடிக்காது. பிளேடு நுனியால் மெதுவாகச் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகு பிளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பசை) தடவி, 25 வாட் அயர்னால் இரண்டு மூன்று விநாடிக்குள் முடித்துவிடுங்கள். சூடு அதிகமானால் தடமே பலகையை விட்டு எழும்பிவிடும். கம்பி மெல்லியதாக இருக்கட்டும். வைத்தவுடன் சூட்டுப் பசை விட்டு அதைப் பலகையோடு இறுக்குங்கள். என் முதல் கேம்பேடில் பசை வைக்காமல் விட்டேன். கம்பி இழுபட்டு, நான்கு பொத்தான்களின் தடங்களை உரித்துக்கொண்டு வந்துவிட்டது.

பல்லடம்: ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு கம்பி கட்டாயமா?

கேம்பேடைப் பொறுத்தது. மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வைத்து, ஒரு முனையை யுஎஸ்பியின் கிரவுண்டிலும் (மைனஸ்) மறுமுனையைப் பொத்தான் தடங்களிலும் வைத்துப் பாருங்கள். எல்லாப் பொத்தான்களிலும் ஒரு பக்கம் பீப் அடித்தால் பொது கிரவுண்ட். ஒரே கம்பியைச் சுற்றிவரலாம். இல்லாவிட்டால் தனித்தனியாக இரண்டிரண்டு இழுங்கள். சோதிக்கும்போதும் சால்டர் வைக்கும்போதும் யுஎஸ்பி கேபிள் கணினியில் செருகியிருக்கக் கூடாது.

திருச்செங்கோடு: அப்பா ஓட்டிய லாரியின் ஸ்டியரிங் வீட்டில் இருக்கிறது. அதை வைத்து லாரி விளையாட்டு ஆட முடியுமா?

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கே கை பரபரத்தது.

கேம்பேடில் கட்டைவிரலால் சாய்க்கும் அனலாக் குச்சிக்கு அடியில் இரண்டு சிறிய பொட்டென்ஷியோமீட்டர்கள், அதாவது திருப்பத் திருப்ப மின்தடை மாறும் பாகங்கள், உண்டு. பெரும்பாலும் 10 கிலோ ஓம். இடவலம் பார்ப்பதைக் கழற்றி, அதன் மூன்று கால்களின் இடத்தில் உங்கள் பொட்டென்ஷியோமீட்டரை இணைக்க வேண்டும். பி10கே என்று அச்சிட்ட, திருப்பும் அளவுக்குச் சீராக மாறும் லீனியர் வகையே வாங்குங்கள். ரேடியோ வால்யூமில் வருவது பெரும்பாலும் லாக் வகை. அதைப் போட்டால் ஒரு பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் வெடுக்கென்றும் திரும்பும்.

அது சுமார் 300 டிகிரிதான் சுற்றும். ஸ்டியரிங்கோ பல சுற்று போகும். ஸ்டியரிங் தண்டில் 20 பல், பொட்டென்ஷியோமீட்டரில் 80 பல் உள்ள கியர் போடுங்கள். ஸ்டியரிங் மூன்று சுற்று, அதாவது 1080 டிகிரி சுற்றினால், அங்கே 270 டிகிரிதான் வரும். இருபுறமும் இரும்புத் தடுப்பு வைத்து அந்த மூன்று சுற்றோடு நிறுத்துங்கள். தடுப்பு இல்லையென்றால் லாரி ஸ்டியரிங்கின் வேகத்தைப் பொட்டென்ஷியோமீட்டர் தாங்காது, முதல் நாளே உடையும். நடுவுக்குத் திரும்ப சைக்கிள் டியூப் பட்டை போதும். கடைசியில் விண்டோஸில் ஜாய் டாட் சிபிஎல் (joy.cpl) என்ற கேம்பேட் அமைப்பைத் திறந்து அளவு சரிசெய்யுங்கள்.

திருப்பூர்: பவர் டேபிள் தையல் மெஷினின் பழைய மிதியை ஆக்சிலரேட்டர் ஆக்கலாமா?

ஆக்கலாம். ஆனால் மலிவு கேம்பேடுகளில் வலது முன்விளிம்பில் இருக்கும் ஆர்2 பொத்தான் பெரும்பாலும் அழுத்தினால் உண்டு, விட்டால் இல்லை என்ற வகைதான். பாதி அழுத்தம் அதற்குத் தெரியாது. வலது குச்சியின் மேல்கீழ் அச்சை, அதாவது மேல்கீழ் பார்க்கும் பொட்டென்ஷியோமீட்டரின் இடத்தை, மிதிக்குக் கொடுங்கள். கழற்றிவிட்டுப் பயன்படுத்தாத அச்சு ஏதும் இருந்தால், அதன் நடுக்காலை இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் இரு ஓரக் கால்களோடும் இணைத்துவிடுங்கள். சும்மா விட்டால் திரையில் வண்டி தானாக ஆடும்.

பொள்ளாச்சி: வயர்லெஸ் கேம்பேட் ஆகுமா?

முதல் வேலைக்கு வேண்டாம். பேட்டரி, தூக்க நிலை என்று தொல்லைகள் கூடும்.

ஈரோட்டிலிருந்து ஓர் அக்கா: விசைத்தறியில் தம்பிக்கு வலது கை விரல்கள் போய்விட்டன. முன்பு கிரிக்கெட் விளையாட்டை விரும்பி ஆடுவான். ஏதாவது செய்ய முடியுமா?

முடியும் அக்கா. ஆனால் முதலில் கேம்பேடைப் பிரிக்காதீர்கள். ஒரு மாலை தம்பியோடு உட்கார்ந்து, எந்த அசைவு அவருக்கு வலியில்லாமல் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள்: உள்ளங்கையா, முழங்கையா, காலா. ஓர் அட்டையில் வட்டங்கள் வரைந்து, கை தானாக விழும் இடங்களைக் குறியுங்கள்.

குச்சி இடது கையிலேயே இருக்கட்டும். வலது உள்ளங்கைக்கு 60 அல்லது 100 மில்லிமீட்டர் பெரிய பொத்தான்கள் இரண்டு, காலுக்குக் கீல் வைத்த பலகையும் மைக்ரோ சுவிட்சும். சுவிட்சில் சிஓஎம் (பொதுக் கால்), என்ஓ (அழுத்தினால் மட்டும் இணையும் கால்) என்ற இரண்டு கால்களில் மட்டும் இணைக்க வேண்டும். கை களைத்தால் நீண்ட நெம்புகோல் உள்ள சுவிட்ச் போடுங்கள். மெல்லத் தொட்டாலே இயங்கும்.

கம்பிகளை நேராகக் கேம்பேடில் கட்டாமல், ஒவ்வொன்றுக்கும் 3.5 மில்லிமீட்டர் மோனோ சாக்கெட் வைக்கச் சொல்கிறேன். மைக்ரோசாப்ட் 2018இல் மாற்றுத்திறனாளிகளுக்காக வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரிலும் இதே அளவு சாக்கெட்டுகள்தான், 19 இருக்கின்றன. சுவிட்சைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகலாம். பிறகு நல்ல சுவிட்ச் வாங்கினாலும் பொருந்தும். பொத்தான்களுக்கு உடனே துளையிடாதீர்கள். வெல்க்ரோவில் ஒட்டி ஒரு வாரம் ஆடவிடுங்கள், இடம் நிச்சயம் மாறும்.

சால்டர் வேலைக்கு ஆள் கிடைக்காவிட்டால், அந்த அட்டையோடும் தம்பியோடும் பட்டறைக்கு வாருங்கள். பொத்தானின் உயரத்தை அவர் கையை வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.